தொகுதி அரசியலைத் தனியாளாக எழுதுவது: ஆவணம், அவதூறு வழக்கு, பணம்

அமராவதி:
ஒரே ஒரு சட்டமன்றத் தொகுதி. கட்சி கிடையாது, விளம்பரதாரர் கிடையாது, பின்னால் பத்திரிகை நிறுவனமும் கிடையாது. அந்தத் தொகுதியின் எம்எல்ஏ நிதி, ஊராட்சி ஒன்றிய டெண்டர்கள், வேட்பாளர்களின் சொத்து விவரம், வாக்குச்சாவடிக் கணக்கு எல்லாவற்றையும் ஒருவர் தொடர்ந்து எழுத வேண்டுமென்றால் எங்கெல்லாம் இடறும்? கேட்டால் "துணிச்சல் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதம் இருக்கிறது, எந்த வார்த்தை வழக்கை இழுத்துவரும், செலவுக்குப் பணம் எங்கிருந்து வரலாம். விவரம் தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள்.

கோப்புக்காரர்:
எம்எல்ஏ நிதியிலிருந்தே தொடங்குவோம். தமிழ்நாட்டில் தொகுதி மேம்பாட்டு நிதி, தொகுதிக்கு ஆண்டுக்கு ₹3 கோடி. "எம்எல்ஏ 3 கோடியைச் செலவழித்தார்" என்று எழுதினால் முதல் வரியிலேயே தப்பு. அவர் கைக்குப் பணம் வராது. அவர் பணியைப் பரிந்துரைக்கிறார், அவ்வளவுதான். நிர்வாக அனுமதி மாவட்ட ஆட்சியருடையது. அதன்பின் மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், பணி ஆணை, எம்-புக் (செய்த வேலையின் அளவைப் பொறியாளர் எழுதும் பதிவேடு) அளவு, பில் என்று கோப்பு நகர்கிறது. ஒவ்வொரு படியிலும் கையெழுத்துப் போடுகிறவர் வேறு. எங்கே ஓட்டை என்று தெரியாமல் எல்லாப் பழியையும் எம்எல்ஏ தலையில் கட்டினால், உண்மையில் அளவைக் கூட்டி எழுதிய பொறியாளர் தப்பிவிடுவார், எழுதியவர் மாட்டிக்கொள்வார்.

அதனால் தகவல் உரிமை மனுவில் ஒரே பணியை எடுத்துக்கொண்டு 6 காகிதம் கேளுங்கள்: நிர்வாக அனுமதி ஆணை, விரிவான மதிப்பீடு, டெண்டரின் ஒப்புநோக்குப் பட்டியல், பணி ஆணை, அந்தப் பணிக்கான எம்-புக் பக்கங்கள், இறுதி பில். இதில் ஒப்புநோக்குப் பட்டியல்தான் பொக்கிஷம். யார் யார் எவ்வளவுக்குக் கேட்டார்கள் என்று அதில் இருக்கும். 3 பேர் கேட்டு, 3 பேரின் விலையும் மதிப்பீட்டுக்கு ஒன்றிரண்டு சதவீதம் மேலே நெருக்கமாக நின்றால், அடுத்த 10 பணிகளின் பட்டியலையும் வாங்கிப் பாருங்கள். அதே 3 பேர் முறைவைத்து ஜெயிக்கிறார்களா என்பது தெரிந்துவிடும். ஒரு பணியை வைத்து மட்டும் எதையும் சொல்லக்கூடாது.

மனு எழுதும் முறை:

"ஏன் இந்தச் சாலை பழுதானது?" என்று கேட்டால் பதில் வராது. தகவல் உரிமைச் சட்டத்தின் 2(எஃப்) பிரிவு, கைவசம் இருக்கும் பதிவைத்தான் தகவல் என்கிறது. அலுவலர் உட்கார்ந்து விளக்கம் எழுத வேண்டிய கடமை இல்லை. "சான்றிட்ட நகல் தருக" என்றே கேளுங்கள். 2(ஜே) பிரிவில் சான்றிட்ட நகலும் உண்டு, கோப்பை நேரில் பார்க்கும் உரிமையும் உண்டு, பொருளின் சான்றிட்ட மாதிரியும் உண்டு. போட்ட சாலையிலிருந்து மாதிரி கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கட்டணம் ₹10. மாநில அலுவலகத்துக்கு நீதிமன்றக் கட்டண ஸ்டாம்பு ஒட்டினால் போதும். அதே ஸ்டாம்பை மத்திய அரசு அலுவலகத்துக்கு ஒட்டி அனுப்பினால் திரும்பி வந்துவிடும். அங்கே போஸ்டல் ஆர்டர் அல்லது இணையவழிக் கட்டணம். நகலுக்குப் பக்கம் ₹2. 30 நாளில் பதில் வரவேண்டும். தவறினால் 7(6) பிரிவின்படி நகல் இலவசம், இதை மேல்முறையீட்டில் எழுத மறக்காதீர்கள். முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம், இரண்டாவதாக மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போக 90 நாள். இந்தத் தேதிகளை மனு போட்ட அன்றே நாட்காட்டியில் குறித்துவிட வேண்டும். பாதிப் பேர் இங்கேதான் தோற்கிறார்கள். சட்டம் கைவிட்டு அல்ல, தேதியைத் தவறவிட்டு.

தபால் விஷயம் ஒன்று. 2025 செப்டம்பரிலிருந்து பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. விரைவுத் தபாலில் அனுப்பி, பட்டுவாடா ஆன விவரத்தை அன்றன்றே அச்செடுத்து வையுங்கள்.

வைகைக்கரை:
கோப்புக்காரரே, ஒப்பந்ததாரர் பெயரைக்கூட "தனிநபர் தகவல்" என்று அடித்துவிட்டுத் தருகிற அலுவலகங்கள் இருக்கின்றன. தனிநபர் தகவலுக்கு விலக்குத் தரும் 8(1)(ஜே) உட்பிரிவைத் திருத்திய பிறகு இது இன்னும் கூடும் அல்லவா? அங்கே என்ன செய்வது?

கோப்புக்காரர்:
கூடும். 2023-ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. முன்பு அந்த உட்பிரிவிலேயே "பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத" தகவலுக்குத்தான் விலக்கு என்ற வரம்பு இருந்தது. சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக்கூடாது என்ற வாசகமும் இருந்தது. இரண்டும் போய்விட்டன. இது பெரிய இழப்பு. மழுப்பிச் சொல்ல ஒன்றுமில்லை.

மிச்சமிருப்பது 8(2). பாதுகாக்க வேண்டிய நலனைவிடப் பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்கிற அந்தப் பிரிவு அப்படியே இருக்கிறது. ஆகவே மேல்முறையீடு வரை காத்திருக்காமல், மனுவின் முதல் பக்கத்திலேயே இரண்டு வரி எழுதிவிடுங்கள்: "இது பொதுப் பணத்தில் செய்யப்பட்ட பணி. 8(1)(ஜே) பொருந்தும் என்று கருதினால் 8(2)-இன்படி பொதுநலனை எடைபோட்டுக் காரணத்துடன் ஆணை தருக." மனுவுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று 6(2) சொல்வது உண்மைதான். ஆனால் 8(2)-ஐக் கேட்கும்போது பொதுநலன் என்னவென்று சொல்லித்தான் ஆகவேண்டும்.

மாற்று வழியும் இருக்கிறது. டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இலிருந்தே தமிழ்நாட்டில் உண்டு. அரசின் டெண்டர் தளத்தில் முடிவுகள் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மனு போட்டுக் காத்திருக்கும் பெயர், அங்கே யாரும் பார்க்காமல் கிடக்கலாம். நிறுவனம் என்றால் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் ₹100 கட்டி ஆவணங்களைப் பார்க்கலாம். இயக்குநர்கள் யார் என்பது வரும். நிலம் என்றால் பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம் பார்ப்பது இலவசம். சர்வே எண்ணும் உட்பிரிவும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும், உட்பிரிவு ஒன்று மாறினால் வேறொருவர் நிலத்தைத் தூக்கி எழுதிவிடுவீர்கள்.

குறிஞ்சி:
சொத்து விவரத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். தேர்தல் நேரத்தில் அதிகம் வாசிக்கப்படுவதும் அதிகம் தப்பாக எழுதப்படுவதும் இதுதான்.

வேட்பாளரின் பிரமாணப் பத்திரம் படிவம் 26. அதில் அசையாச் சொத்துக்கு வாங்கிய விலை தனி, இன்றைய உத்தேசச் சந்தை மதிப்பு தனி. இரண்டு தேர்தல்களின் மொத்தத்தை எடுத்து "5 ஆண்டில் 3 மடங்கு" என்று தலைப்புப் போடுவது ஆபத்து. சந்தை மதிப்பு என்று, பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பைப் போடுகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள். ஆகவே 2016, 2021 பத்திரங்களை ஒப்பிட்டால், ஒரு சென்ட்கூட விற்காதவரின் சொத்து குறைந்ததுபோலத் தெரியலாம். புதிதாக வாங்கியவருடையது அசையாமல் நின்றதுபோலத் தெரியலாம். மொத்தத்தை விடுங்கள். வரிவரியாகப் போங்கள்: எந்த சர்வே எண் புதிதாக வந்தது, எது காணாமல் போனது, எந்தக் கடன் யாரிடமிருந்து வந்தது, கடந்த 5 ஆண்டு வருமானவரி விவரத்தில் காட்டிய வருமானத்தில் அந்த வாங்கல் அடங்குமா. துணைவர், சார்ந்திருப்போர் நெடுவரிசைகளைத் தவறாமல் சேருங்கள். மகனுக்குத் திருமணமாகி "சார்ந்திருப்போர்" பட்டியலிலிருந்து வெளியே போய்விட்டால் அவர் சொத்தும் பத்திரத்தைவிட்டுப் போய்விடும். அது ஒளித்தல் ஆகாது, படிவத்தின் விதி.

தேர்தல் செலவுக் கணக்கை யாரும் தொடுவதே இல்லை. சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு ₹40 லட்சம். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தேர்தல் நடத்தை விதிகள் 1961-இன் 88-ஆவது விதிப்படி ₹1 கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரே ஒரு ரூபாய்! மேடை, பந்தல், வாகனம், ஒலிபெருக்கிக்கு மாவட்ட நிர்வாகம் நிர்ணயித்த விலைப்பட்டியலையும் சேர்த்து வாங்கி, வேட்பாளரின் பதிவேட்டையும் தேர்தல் செலவுக் கண்காணிப்புக் குழு தன் பங்குக்குத் தனியாக எழுதும் நிழல் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் எங்கே முரண்படுகிறதோ அங்கே எழுத விஷயம் இருக்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் வைக்கவும்: கட்சியின் நட்சத்திரப் பேச்சாளர் பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் வராது. அதைச் சேர்த்து "வரம்பு மீறல்" என்று எழுதினால் உங்கள் தப்பு.

வாக்குச்சாவடி வாரியான வாக்கு படிவம் 20-இல். தபால் வாக்கு அதில் சாவடிவாரியாகப் பிரியாது. சாவடி எண்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறும், புதுச் சாவடி முளைக்கும். எண்ணை வைத்து ஒப்பிடாமல், சாவடியில் அடங்கும் தெருக்களை வாக்காளர் பட்டியலில் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும். 2011-க்கு முந்தைய சட்டமன்றத் தேர்தலோடு ஒப்பிடவே வேண்டாம். தொகுதி மறுவரையறைக்குப் பிறகு பெயர் மட்டும்தான் அதே பெயர், எல்லை வேறு. சாவடிக் கணக்கை வைத்து "இந்தச் சாதி இவருக்குப் போட்டது" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. படிவம் 20-இல் சாதி இல்லை. ஊகத்தைக் கணக்குப்போல உடுத்திக் காட்டுவது ஊருக்குள் சண்டையை மூட்டும்.

சாட்சிக்கூண்டு:
அவதூறுக்கு வருகிறேன். இதில் உரிமையியல் வழக்கு ஒன்று, குற்ற வழக்கு ஒன்று. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி பயம்.

குற்ற வழக்கு: 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 356. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500. தண்டனை அதிகபட்சம் 2 ஆண்டு வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். சமூகசேவை என்பதும் இப்போது சேர்ந்திருக்கிறது. 2016-இல் உச்ச நீதிமன்றம் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் இந்தக் குற்றப்பிரிவு செல்லும் என்று சொல்லிவிட்டது. இது போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போடும் குற்றம் அல்ல. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 223-ஆம் பிரிவில், வழக்கைக் கோப்புக்கு எடுக்கும் முன்பே எதிர்த்தரப்பைக் கேட்க வேண்டும் என்று வந்திருக்கிறது. அந்தக் கட்டத்திலேயே ஆவணங்களை வைத்து வாதாடத் தயாராக இருங்கள்.

இங்கே உண்மை மட்டும் போதாது. உண்மையாகவும் இருக்க வேண்டும், பொதுநன்மைக்காகவும் இருக்க வேண்டும். உரிமையியல் வழக்கில் உண்மை என்று நிரூபித்தாலே போதும். எம்எல்ஏவின் டெண்டர் பற்றி எழுதுவது பொதுநன்மை. அவர் குடும்பச் சண்டையை எழுதுவது, அது உண்மையே ஆனாலும், இந்தக் கேடயத்துக்குள் வராது.

அரசு அலுவலர்களின் அலுவல் சார்ந்த செயலைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஆதாரமான தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்தே போனது: ஆர்.ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு, 1994, நக்கீரன் இதழின் வழக்கு. பொது ஆவணங்களில் இருப்பதை வெளியிடலாம், வெளியீட்டுக்கு முன்பே தடுக்க அதிகாரிகளுக்கு அதிகாரமில்லை, பொய் என்று தெரிந்தோ உண்மையைப் பற்றி அக்கறையே இல்லாமலோ எழுதினால்தான் அலுவலர் இழப்பீடு கேட்கலாம். இதிலிருந்து கிடைக்கும் பாடம்: வெளியிடும் முன் என்னென்ன சரிபார்த்தீர்கள் என்பதற்குப் பதிவு வேண்டும். யாரிடம் எந்தத் தேதியில் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று ஒரு குறிப்பேடு. அந்தக் குறிப்பேடுதான் உங்கள் முதல் சாட்சி.

வார்த்தைகள். எஃப்ஐஆரில் பெயர் இருப்பது வேறு, குற்றப்பத்திரிகை தாக்கலானது வேறு, நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்தது வேறு, தண்டனை வேறு. நான்குக்கும் "ஊழல் வழக்கில் சிக்கினார்" என்று ஒரே சொல்லைப் போடாதீர்கள். "கூறப்படுகிறது", "பேசிக்கொள்கிறார்கள்" என்று போட்டால் தப்பிக்கலாம் என்பது மூடநம்பிக்கை. பிறர் சொன்ன அவதூறைத் திருப்பிச் சொல்வதும் அவதூறுதான். "₹18 லட்சம் சுருட்டினார்" என்று எழுதாமல் "எம்-புக் 42-ஆம் பக்கத்தில் 150 மில்லிமீட்டர் தடிமன் என்று அளவு இருக்கிறது, சான்றிட்ட மாதிரி 90 மில்லிமீட்டர்" என்று எழுதினால் வாசகருக்கே புரியும், வழக்கறிஞருக்குப் பிடி கிடைக்காது.

வக்கீல் நோட்டீஸில் ₹10 கோடி, ₹50 கோடி என்று வந்தால் நடுங்க வேண்டாம். 2017 திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம். ₹1 கோடி கேட்டால் அவர் முன்கூட்டியே ₹3 லட்சம் கட்ட வேண்டும். அதனால் நோட்டீஸில் கோடியும், உண்மையில் தாக்கலாகும் வழக்கில் தடையாணை மட்டுமாக இருப்பது வழக்கம். இழப்பீட்டு வழக்குக்குக் காலவரம்பு 1 ஆண்டு. நோட்டீஸுக்குப் பதில் போடாமல் இருக்காதீர்கள். அதேசமயம் பதற்றத்தில் "தெரியாமல் எழுதிவிட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள், அதுவே ஒப்புதலாகிவிடும்.

வைகைக்கரை:
சாட்சிக்கூண்டு சார், நடைமுறையில் அவதூறுப் பிரிவைவிட நியாய சன்ஹிதாவின் 196, 353 பிரிவுகள்தானே உடனடி ஆபத்து? அதில் எஃப்ஐஆர் போட்டுவிடலாமே.

சாட்சிக்கூண்டு:
ஆமாம், அதுதான் நிஜமான தொல்லை. பகையைத் தூண்டுதல், பொதுமக்களிடையே பீதி என்ற பெயரில் வரும். இரண்டுக்கும் பொதுவாக 3 ஆண்டு வரை தண்டனை என்பதால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(3) பிரிவின்படி எஃப்ஐஆருக்கு முன் 14 நாளுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்தலாம். பேச்சு, எழுத்து சார்ந்த புகார்களில் அப்படிச் செய்வதே பொருத்தம் என்று 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கூப்பிட்டால் இந்த இரண்டையும் எழுத்தில் குறிப்பிட்டு மனு கொடுங்கள். விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் 35(3) நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவது முறைப்படி சேர்ப்பித்ததாக ஆகாது என்பதும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான். ஆனால் அதைச் சாக்காக வைத்துப் போகாமல் இருக்காதீர்கள். எழுத்து வடிவில் நோட்டீஸ் கேட்டு வாங்கி, வழக்கறிஞரோடு போங்கள். போனையோ கணினியையோ எடுத்தால், அதே சட்டத்தின் 105-ஆம் பிரிவின்படி அது காணொளியாகப் பதிவாக வேண்டும், பறிமுதல் பட்டியலில் கையெழுத்து வேண்டும். இரண்டையும் அங்கேயே கேளுங்கள்.

நொய்யல்:
எதிர்த்தரப்பிடம் முன்கூட்டியே கேள்வி அனுப்புறதுல எனக்கு ஒப்புதல் இல்லைங்க. அனுப்பின மறுநாளே கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிட்டு வந்துடறாங்க. ஆவணம் கையில இருக்குன்னா நேரா வெளியிட்டுட்டு, மறுப்பு வந்தா அதையும் போடறதுதான் புத்திசாலித்தனம்.

சாட்சிக்கூண்டு:
இதில் உங்களோடு உடன்பட மாட்டேன், நொய்யல். கேட்காமல் வெளியிட்டால் "உண்மையைப் பற்றி அக்கறை இல்லை" என்ற வாதத்தை நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்கள். பல சமயம் அவர்கள் பதிலில் உங்கள் தப்பும் வெளிப்படும்: அந்தப் பணி திருத்திய மதிப்பீட்டில் நடந்தது, அந்த நகல் உங்களுக்கு வரவில்லை என்பதுபோல.

தடையாணைக்கு வழி இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 148ஏ-இன்படி கேவியட் போடுங்கள். 90 நாள் உயிரோடு இருக்கும், உங்களைக் கேட்காமல் இடைக்கால ஆணை போட முடியாது. கேவியட் நோட்டீஸை எதிர்த்தரப்புக்கும் அனுப்பியாக வேண்டும், ஆகவே கேள்விக் கடிதம் போன அதே நாளில் போடுவதுதான் சரி. அதற்கு முன்பு போட்டால் நீங்களே சொல்லிவிட்டதாகிவிடும். இன்னொன்று, அவர்கள் ஒரு தரப்பு ஆணை கேட்டால் காட்டுவதற்கு 2024 மார்ச்சில் வந்த ப்ளூம்பெர்க் எதிர் ஜீ தீர்ப்பு இருக்கிறது. விசாரணைக்கு முன்பே கட்டுரைக்குத் தடை போடுவது விதிவிலக்காகத்தான் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கீழமை நீதிமன்றங்களுக்குச் சொன்னது அதில்தான்.

நொய்யல்:
கேவியட் சரிங்க. ஆனா எந்தக் கோர்ட்டுலங்க போடுவீங்க? பெயருக்குக் கெடுதல் எங்க நடந்துச்சோ அங்கயும் வழக்குப் போடலாம், எழுதினவர் குடியிருக்கிற ஊர்லயும் போடலாம். இணையத்துல வந்தது எல்லா ஊர்லயும் படிக்கப்படுது. தனி ஆளு எத்தனை ஊர்ல கேவியட் போட முடியும்?

சாட்சிக்கூண்டு:
அந்தக் குறை உண்மையானது, அதற்கு முழுத் தீர்வு இல்லை. அந்த நபரின் ஊர், உங்கள் ஊர், சென்னை ஆகிய மூன்று இடத்தில் போட்டால் பெரும்பாலும் போதும். சென்னையில் ₹1 கோடிக்கு உட்பட்டது மாநகர உரிமையியல் நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம், இரண்டும் தனித்தனி. கேள்விக் கடிதத்தில் கட்டுரையின் வரைவை அனுப்பக்கூடாது. எண்ணிட்ட கேள்விகள் மட்டும், 5 நாள் அவகாசம், மின்னஞ்சலிலும் விரைவுத் தபாலிலும். கேள்வியிலேயே குற்றச்சாட்டை வைக்காமல் "பணி எண் இன்னதில் இறுதி அளவு எவ்வளவு?" என்று கேட்டால், தடையாணை மனுவில் இணைக்க அவர்களிடம் ஒன்றும் இருக்காது.

குறிஞ்சி:
சாட்சியம் பற்றி ஒரு சேர்க்கை. சாலைப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சேமித்தால் படம் சுருங்கி, மூலக்கோப்பின் ஹேஷ் மதிப்பு (கோப்பின் கைரேகைபோலக் கணக்கிடப்படும் எண்) மாறிவிடும். புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹேஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். சான்றிதழில் இரண்டு பகுதி: கருவியை வைத்திருப்பவர் தருவது, நிபுணர் தருவது. எடுத்த போனிலிருந்து கேபிள் வழியாக எடுத்து, அன்றே ஹேஷ் கணக்கிட்டு எழுதி வையுங்கள். அரசுத் தளத்தில் பார்த்த பக்கம் நாளைக்கு இருக்காது; இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் ஒரு பிரதி, வன்தட்டில் ஒரு பிரதி. தன் கட்டுரையில் திருத்தம் செய்தால் தேதி போட்டுக் கீழே சொல்லவும். சத்தமில்லாமல் மாற்றியது ஸ்க்ரீன்ஷாட்டில் மாட்டினால், சரியாக எழுதிய மற்ற 50 கட்டுரைகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

வைகைக்கரை:
அலுவலகத்துக்குள்ளிருந்து ஒருவர் கோப்பு நகலைக் கொடுத்தால்? செய்தி மூலத்தைக் காக்க நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லையே.

கோப்புக்காரர்:
இல்லை. பத்திரிகை மன்றச் சட்டம் 1978-இன் 15(2), மன்றத்தின் விசாரணையில் மட்டும் மூலத்தைச் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. நீதிமன்றத்துக்கு அது பொருந்தாது.

அந்த நகலை வெளியிடவே வெளியிடாதீர்கள். அதை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, அதே காகிதத்தைத் தகவல் உரிமையில் சான்றிட்ட நகலாக வாங்குங்கள். இங்கே பெரும்பாலோர் செய்யும் பிழை, கோப்பு எண்ணையும் தேதியையும் அப்படியே மனுவில் எழுதுவது. அந்தக் கோப்பைக் கையாண்டவர்கள் 3 பேர்தான் என்றால், யார் சொன்னது என்று அன்று மாலையே தெரிந்துவிடும். ஒரு நிதியாண்டின் எல்லாப் பணிகளையும் கேளுங்கள், அல்லது அந்தப் பிரிவின் பதிவேட்டை நேரில் பார்க்க அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரம் கட்டணமில்லை. பதில் வரத் தாமதமாகும். வேலை போகப்போவது உங்களுக்கு அல்ல, அவருக்கு. அந்த இரண்டு மாதத்தைப் பொறுக்கத்தான் வேண்டும்.

மனுவில் வீட்டு முகவரி போகிறதே என்ற கவலைக்கு, தபால் பெட்டி எண் போதும் என்று 2013-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தலைமை அஞ்சலகத்தில் பெட்டி எடுத்துக்கொள்ளலாம். இணைய முகவரி வாங்கும்போது டாட் இன் வேண்டாம், அதில் உரிமையாளர் விவரத்தை மறைக்கும் சேவைக்கு அனுமதி கிடையாது. டாட் காமில் உண்டு.

நொய்யல்:
பணத்தைப் பத்தி யாரும் பேசலைங்களே. நான் சொல்றேன்.

சின்ன உள்ளூர் இதழ்களுக்கு வருமானம் எங்கிருந்து வருது? பிறந்தநாள் வாழ்த்து விளம்பரம், கோயில் விழா வாழ்த்து, ஒப்பந்ததாரர் தர்ற அரைப்பக்கம். பிரஸ்மீட்ல "கவர்". இதுல ஒண்ணை வாங்கினாலும், அந்த ஆள் பேர் வர்ற டெண்டரை அடுத்த மாசம் எழுத முடியாதுங்க. யாரும் வந்து மிரட்ட வேண்டியதே இல்லை, நம்ம கையே எழுதாது.

செலவைப் பாருங்க. மாசம் 8 மனு, 300 பக்கம் நகல்னா தபாலோட சேர்த்து ₹1,200-க்குள்ள முடிஞ்சுடும். ஆவணம் விலை மலிவு. பெருசு மூணுதான்: போக்குவரத்து, வழக்கறிஞர் ஒரு தடவை கட்டுரையைப் படிச்சுப் பார்க்கிற கட்டணம், எழுதறவரோட நேரம். வழக்கறிஞர் கட்டணத்தை வழக்கு வந்தப்புறம் தேடாதீங்க, மாசாமாசம் தனியா எடுத்து வைங்க.

வருமானத்துக்குச் சந்தாதான் ஓரளவு நிக்குது. கூகுளோட விளம்பர வலையமைப்புல தமிழுக்கு 2018-லிருந்து இடம் இருக்கு, ஆனா 100 டாலர் சேர்ந்தாத்தான் கைக்கு வரும். ஒரு தொகுதி வாசகரை நம்பி அது சேர ரொம்ப நாளாகும். யூபிஐ தானியங்கிப் பற்று வச்சு மாசம் ₹50, ₹100 சந்தா வாங்கலாம். ₹15,000 வரைக்கும் ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேட்காது. மொத்த வரவு ஆண்டுக்கு ₹20 லட்சம் தாண்டாத வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு வேண்டாம்.

இப்ப கவனிங்க. வெளிநாட்டுல இருக்கிற நம்ம ஊர்க்காரங்க "நன்கொடை அனுப்பறேன்"னு சொல்வாங்க. அவங்க கையில இந்தியக் கடவுச்சீட்டு இருந்து, சொந்தச் சேமிப்புல வங்கி வழியா அனுப்பினா அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. சிங்கப்பூர், கனடா குடியுரிமை வாங்கினவர்னா, இந்திய வம்சாவளிக்காரங்களுக்குத் தர்ற ஓசிஐ அட்டை இருந்தாலும், வெளிநாட்டு மூலம்தான். வெளிநாட்டுப் பங்களிப்பை ஒழுங்குபடுத்தற எஃப்சிஆர்ஏ சட்டத்தோட 3-ஆம் பிரிவு, பதிவு பெற்ற செய்தித்தாளோட ஆசிரியர், பத்தி எழுத்தாளர், நிருபருக்கும், ஒலி-ஒளி வடிவுல செய்தி தயாரிக்கிற அமைப்புக்கும் வெளிநாட்டு நன்கொடையைத் தடுக்குது. 50 டாலர்தானேன்னு வாங்கிட்டா, டெண்டர் கட்டுரைக்குப் பதில் சொல்ல முடியாதவங்க இதைப் பிடிச்சுக்குவாங்க. அவங்களுக்கும் எல்லாருக்கும் ஒரே விலையில சந்தா வச்சு, ரசீது கொடுத்து, சேவைக்கான கட்டணமா வாங்குங்க. "நன்கொடை"ங்கிற சொல்லே எங்கயும் வரக்கூடாது.

சாட்சிக்கூண்டு:
நொய்யல் சொன்னதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் "செய்தி வெளியீட்டாளர்" என்ற விளக்கம், முறையான தொழிலாகவோ வணிகமாகவோ செய்யாத தனிநபரை விட்டுவிடுகிறது. சந்தா வாங்கத் தொடங்கினால் அந்த விலக்கைச் சொல்லித் தப்புவது கடினமாகும். அப்போது குறைதீர் அலுவலர் பெயரும் தொடர்பும் போட வேண்டும், புகாரை 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி 15 நாளில் முடிக்க வேண்டும். அறநெறி விதியைக் கட்டாயமாக்கும் 9(1), 9(3) உட்பிரிவுகளை மும்பை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் நிறுத்திவைத்தது. ஆனாலும் புகாருக்குப் பதில் சொல்லும் ஒழுங்கை வைத்துக்கொள்வது நல்லது. அதே இதழை அச்சிட்டு விற்றால் கதை வேறு: 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2023-ஆம் ஆண்டுப் பத்திரிகை, பருவ இதழ் பதிவுச் சட்டத்தின்கீழ் பருவ இதழாகப் பதிய வேண்டும். பதிந்த உடனே நொய்யல் சொன்ன எஃப்சிஆர்ஏ தடை நேராக வந்து சேரும்.

சட்டமன்றம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவைக் குறிப்பிலிருந்து நீக்கிய பேச்சை எழுதாதீர்கள், நேரலையில் உங்கள் காதால் கேட்டிருந்தாலும். உரிமை மீறல் என்பது நீதிமன்றம் வழியாக வருவதல்ல, அவையே தண்டிக்கும். 1987-இல் ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு ஒரு நகைச்சுவைப் படத்துக்காக 3 மாதம். 2003 நவம்பரில் தி இந்து, முரசொலி இதழ்களைச் சேர்ந்தவர்களுக்கு 15 நாள். அரசியல் சாசனம் 361ஏ அவை நடவடிக்கையை உள்ளபடி வெளியிடுவதைக் காக்கிறது, ஆனால் அதன் வாசகம் செய்தித்தாளையும் ஒலிபரப்பையும்தான் சொல்கிறது. இணையத்தில் மட்டும் எழுதுகிறவர் அதை நம்பி ஓரடி கூடுதலாக வைக்க வேண்டாம்.

அமராவதி:
எல்லோருக்கும் நன்றி. முதல் மனுவை இப்படி எழுதியிருக்கிறேன், சரியா பாருங்கள். பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலகம்.

1. 2024-25 நிதியாண்டில் எம்எல்ஏ நிதியில் ஒன்றியத்தில் நடந்த பணிகளின் பட்டியல்.
2. அவற்றின் டெண்டர் விவரம்.
3. தரமற்ற பணிகள் எவை?
4. அவற்றின் மீது ஏன் நடவடிக்கை இல்லை?

கோப்புக்காரர்:
3-ஐயும் 4-ஐயும் எடுத்துவிடுங்கள். "தரமற்ற" என்பது தீர்ப்பு, "ஏன்" என்பது விளக்கம். இரண்டுக்கும் "தகவல் இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், சேர்த்து 1, 2-ஐயும் மழுப்பிவிடுவார்கள். 3-க்குப் பதிலாக "மேற்படி பணிகளில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வறிக்கைகளின் சான்றிட்ட நகல்" என்றும், 4-க்குப் பதிலாக "அந்த அறிக்கைகளின் பேரில் ஒப்பந்ததாரருக்கு அனுப்பிய கடிதங்கள், பில்லில் பிடித்தம் செய்த ஆணைகளின் சான்றிட்ட நகல், அப்படி எதுவும் இல்லையெனில் 'இல்லை' என்ற பதில்" என்றும் எழுதுங்கள். அந்த "இல்லை" கையெழுத்தோடும் முத்திரையோடும் வந்தால், அதுவே கட்டுரையின் முதல் வரி.

2-இல் "டெண்டர் விவரம்" என்பது மொட்டையாக இருக்கிறது. "ஒப்புநோக்குப் பட்டியல்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நிர்வாக அனுமதி ஆட்சியர் அலுவலகக் கோப்பு, அதை இந்த மனுவில் சேர்க்க வேண்டாம். 6(3)-இன்படி 5 நாளில் மாற்றி அனுப்ப வேண்டும்தான், ஆனால் மாற்றுகிற சாக்கில் மனு முழுவதும் போய்விடும். மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்குத் தனியாக இன்னொரு ₹10 போடுங்கள். 8(2) வரிகள் முதல் பக்கத்தில் இல்லையே, சேருங்கள். ஸ்டாம்பை ஒட்டியபின் அதன்மேல் குறுக்கே தேதி எழுதி, முழு மனுவையும் ஒரு நகல் எடுத்துவிட்டு அனுப்புங்கள்.